குரங்கு உடைத்த கைப்பிடி

எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலின் கைப்பிடியைக் குரங்கு உடைக்கவில்லை. நான்தான் உடைத்தேன். இதைச் சொல்ல எனக்குப் பத்து நாள் பிடித்தது. அந்தப் பத்து நாளும் ஒரு சின்னப் பொய்யைக் கட்டிக் காப்பாற்ற நான் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

முதலில் ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீடு என் தம்பி கட்டியது. திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் பக்கம் போகும்போது பைபாஸ் ஓரமாக இருக்கிறது. தம்பி குளிர் நாடு ஒன்றில் வேலை பார்க்கிறான். அங்கே எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடியாம். "ரோட்டு மேல வீடுக்கா, லாரி சத்தத்துல நீ தூங்க மாட்ட. ரெட்டைக் கண்ணாடியே போட்டுடலாம்" என்றான். வெள்ளைச் சட்டத்துக்குள் இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி. அதைக் கொண்டுவந்து இறக்கியபோது கொத்தனார் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நடுவுல தூசி பூந்துட்டா எப்பிடித் தொடைப்பீங்க?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். இதுவரை புகவில்லை. முதல் நாள் ஜன்னலைச் சாத்திவிட்டு, சத்தமே இல்லாமல் லாரி போவதைப் பார்த்தபோது எனக்குக் காது போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

கம்பி போட வேண்டாம், ஜெயில் மாதிரி இருக்கும் என்று தம்பி சொல்லிவிட்டான். அதனால் ஜன்னலுக்கு இருக்கிற ஒரே காவல் கைப்பிடிதான். அது கீழே பார்த்தபடி இருந்தால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் திருப்பி வெளியே தள்ளினால் திறந்துகொள்ளும். சட்டத்தைச் சுற்றி ரப்பர் இருப்பதால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் திரும்பும். வந்த புதிதில் எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் முப்பது வருஷம் சமைத்தவள் நான். இருநூறு பிள்ளைகளுக்கான சாம்பார் அண்டாவைத் தனியாக இறக்கிய கை இது.

அந்தக் கைக்கு ஒன்றரை வருஷத்துக்கு முன் என்னவோ ஆனது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. கட்டைவிரல் அடியில் ஊசி வைத்துக் குத்தினாற்போல வலிக்கும். டாக்டர் பார்த்துவிட்டுத் தேய்மானம் என்றார். ஊறுகாய் பாட்டில் மூடி முதலில் கைவிட்டது, பிறகு குழாய், பிறகு ஜன்னல். படுக்கையறை ஜன்னலைச் சாத்தியே வைத்துவிட்டேன். அடுப்படி ஜன்னலை அப்படி விட முடியுமா? தாளித்தால் இருமியே செத்துப்போவேன். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பாத்திரம் பிடிக்கிற இடுக்கியால் கைப்பிடியைக் கவ்வி, இரண்டு கையாலும் ஒரு அழுத்து அழுத்துவேன். திரும்பிவிடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தம்பியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்குக் கோலியனூர்க் கதையைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி மூன்றாவது வருஷமே நான் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டவள். வந்து சேர்ந்தது கோலியனூரில் அண்ணன் வீட்டுக்கு. அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு தடவை எனக்கு மஞ்சள் காமாலை வந்து பத்து நாள் பாயில் கிடந்தேன். பதினோராம் நாள் அண்ணி மோர்ச்சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இப்பிடிப் படுத்துக்கினே இருந்தா எப்பிடி?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கே எழுந்து மாட்டுக்கொட்டகையைக் கூட்டினேன். வேலை செய்கிற வரைக்கும்தான் அடுத்தவர் வீட்டில் இடம் என்று அன்றைக்குப் புரிந்தது. பிறகு தம்பி இந்த வீட்டைக் கட்டி, "நீ வந்து இரு" என்றதும் ஓடி வந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதற்குத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். கை போய்விட்டது என்று தெரிந்தால் திருப்பி அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவானே என்று பயம். அங்கே போவதைவிட, வலித்தாலும் இங்கேயே கிடக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் இடுக்கியால் அழுத்தியபோது 'டக்'கென்று கைப்பிடி கழுத்தோடு கையில் வந்துவிட்டது. ஜன்னல் பூட்டியபடியே நின்றது. கைப்பிடியைத் திரும்ப ஒட்டவைத்துப் பார்த்தேன் என்றால் என் அறிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே தம்பி போனில் முகம் காட்டிப் பேசினான். அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"அக்கா, பின்னாடி ஜன்னல் இன்னா மொட்டையா இருக்குது?"

"கொரங்குடா" என்றேன். ஏன் அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. "தொறந்து இருந்துது. கைப்பிடியப் புடிச்சிக்கினு தொங்கிச்சு, ஒடஞ்சிடுச்சு. கம்பால வெரட்டிட்டு சாத்திட்டேன்."

"எத்தினி கொரங்கு?"

"ஒண்ணு. இல்ல, ரெண்டு."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் அளவுக்கு மேல் பொருத்திவிட்டேன். தம்பி அரண்டு போனான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன் அவன். "கம்பி வேற போடல. நீ தனியா இருக்கற. எனக்கு இங்க தூக்கம் வராதுக்கா. எல்லா ஜன்னலுக்கும் சாவி வெச்ச கைப்பிடி மாத்திடலாம். அதுவரைக்கும் வேணும்னா அண்ணன் வீட்டுல போய் இரு" என்றான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. "நான் எங்கியும் போவல" என்று போனை வைத்தேன்.

அடுத்த வாரமே விழுப்புரத்தில் ஒரு கடையைப் பிடித்து, குரங்குக் கதையையும் சொல்லிப் பேசிவிட்டான். உடைந்த கைப்பிடியைக் கொண்டுபோய்க் காட்டினால் அதே அளவில் கொடுப்பார்களாம். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஜன்னல் மாட்டுகிற வேலையும் அவரே செய்கிறார். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தவர், "இதுக்குப் பின்னாடி ஒரு சதுரக் கம்பி இருக்குமே, அது எங்கம்மா?" என்றார். அது ஜன்னலிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. அதன் நீளம் தெரியாமல் கைப்பிடி கொடுக்க முடியாதாம். சரி, பிழைத்தோம் என்று கிளம்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. மேஜைமேல் ஒரு துண்டு ஜன்னல் சட்டம் நிறுத்தி, சாவி வைத்த கைப்பிடி ஒன்றை அதில் மாட்டியிருந்தார்.

"வீட்டுல ஜன்னல் தொறக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்கதான்மா திருப்பிப் பாக்கணும். வாங்கறது யாரா வேணா இருக்கட்டும்."

அந்தக் கைப்பிடியில் சாவியைத் திருப்பி, கீழே இருக்கிற பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சுழற்ற வேண்டும். என் கட்டைவிரல் பொத்தான்மேல் உட்கார்ந்ததே தவிர, பொத்தான் இறங்கவில்லை. இன்னொரு கட்டைவிரலையும் மேலே வைத்தேன். அப்போதும் இல்லை. வியர்த்துவிட்டது. கடைக்காரர் என் கையைப் பார்த்தார். பிறகு உடைந்த கைப்பிடியை எடுத்து, அதன்மேல் இருந்த கீறல்களை விரலால் தடவினார்.

"ஏம்மா, உங்க ஊரு கொரங்கு இடுக்கி புடிக்குமா?"

எனக்கு வந்ததே கோபம்! "நீ சரக்கு விக்கிறியா, சாட்சி விசாரிக்கிறியா?" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்த இன்னொருவர் திரும்பிப் பார்த்தார். இவர் சிரித்தார். "கோவிச்சிக்காதீங்கம்மா. நாளைக்கு நானே வர்றேன். கம்பிய அளக்கணும், ஜன்னலையும் ஒரு பார்வை பாக்கணும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் வேகவைத்த மல்லாட்டை வாங்கினேன். அந்தக் கடலைத் தோலை உரிக்கக்கூட விரல் வரவில்லை. பல்லால் கடித்து உரித்தேன். இனி எதை எதையெல்லாம் பல்லால் செய்யப்போகிறேனோ என்று நினைத்தபோது எனக்கே என்மேல் பரிதாபமாக இருந்தது.

மறுநாள் அவர் சொன்னபடி வந்தார். மிச்சமிருந்த கம்பியைக் குறடால் திருப்பி ஜன்னலைத் திறந்தார். பத்து நாள் கழித்து அடுப்படிக்குள் காற்று வந்தது. ஜன்னல் கதவைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்க கை மேல மட்டும் தப்பு இல்லம்மா. கதவு எறங்கியிருக்குது, உள்ள பூரா ரோட்டுத் தூசி" என்று சொல்லி, முடுக்கிச் சரிசெய்து எண்ணெய் விட்டார். எல்லா ஜன்னலுக்கும் அப்படியே செய்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கை நன்றாகத்தான் இருக்கிறது, சனியன் பிடித்த ஜன்னல்தான் கெட்டது என்று படுக்கையறைக்கு ஓடினேன். முன்னைவிட இலகுவாக இருந்தது. ஆனால் என்னால் திருப்ப முடியவில்லை. அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் இரண்டு கைப்பிடிகளை அடுப்பு மேடைமேல் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஒன்று சாவி வைத்தது. மற்றது சாவி இல்லாதது, பிடி மட்டும் ஒரு சாண் நீளம். அதை ஜன்னலில் செருகி, "விரலால வேணாம், உள்ளங்கைய வெச்சுத் தள்ளுங்க" என்றார். தள்ளினேன். வெண்ணெய் மாதிரி திரும்பியது.

"இதையே மாட்டிடு" என்றேன்.

"உங்க தம்பி சாவி வெச்சதுதான் சொன்னாரு."

"ஸ்டாக் இல்லன்னு சொல்லு."

"சொல்லலாம். அவரு வேற கடையில வாங்கி அனுப்புவாரு. அத மாட்டவும் நான்தான் வரணும். அத நீங்க எதால ஒடப்பீங்க, ஒலக்கையாலயா? பேஜாரு வேணாம்மா, அவருகிட்டச் சொல்லிடுங்க."

சொல்லி வைத்தாற்போல் போன் அடித்தது. வேலை நடக்கும்போது கூப்பிடுகிறேன் என்று தம்பி சொல்லியிருந்தான். போனைப் பருப்பு டப்பாமேல் சாய்த்து வைத்தேன்.

"மாட்டிட்டாராக்கா? இனிமே கொரங்கு வராதுல்ல?"

"கொரங்கு வரலடா."

"இன்னா?"

"கொரங்கும் வரல, ஒண்ணும் வரல. நான்தான் இடுக்கியால திருப்பி ஒடச்சேன். என்னால கை மடக்க முடியல." கையைக் காட்டி மடக்கினேன். பாதியில் நின்றது.

அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான். "எத்தினி நாளா?" என்றான்.

"ஒண்ணரை வருஷமா."

"போன தீவாளிக்கு முறுக்கு சுட்டு அனுப்புனியே. அது யாரு புழிஞ்சது?"

"நான்தான்."

"இந்தக் கையாலயா?"

"எனக்கு வேற எந்தக் கை இருக்குது?"

கடைக்காரர் எதையோ எடுக்கிற மாதிரி வெளியே போய்விட்டார். நல்ல மனுஷன். அவர் போனதும் எனக்கு வாய் நிற்கவில்லை. "அண்ணன் வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதடா. மத்த வேலையெல்லாம் செய்யறேன். பெருக்கறேன், தொடைக்கறேன், செடிக்குத் தண்ணி ஊத்தறேன். ஜன்னல் ஒண்ணுதான் முடியல. இந்த நீட்டுக் கைப்பிடி போட்டா அதுவும் முடியும். உன் வீட்ட நல்லாப் பாத்துக்கறேன்" என்றேன். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையிடம், அறுபத்தொரு வயதில், வேலைக்கு மனுப்போட்ட மாதிரி கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"யாரு வீடு?" என்றான்.

"உன் வீடுதான்."

"பத்திரம் யாரு பேர்ல இருக்குது?"

"என் பேர்ல. நீ ஊர்ல இல்ல, அதனால என்கிட்டக் கையெழுத்து வாங்கின."

"அண்ணன் ஊர்லதான இருந்தான்? ஊர்ல ஆளு இருந்தாப் போதும்னா அவன் பேர்ல வாங்கியிருக்க மாட்டனா?"

அந்தப் பத்திரத்தை நானேதான் இரும்புப் பெட்டியில் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். தம்பியுடையது, பூச்சி அரித்துவிடக் கூடாது என்று கற்பூரம்கூடப் போட்டிருந்தேன்.

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?" என்று கத்தினேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஒண்ணரை வருஷமா வலிச்சுதுடா. ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைச்சுக்கினே இருந்தேன்."

அவனும் அழுதுகொண்டிருந்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் கைய காட்டுக்கா" என்றான்.

காட்டினேன்.