தமுக்கத்தில் கடற்காற்று

நேற்று சென்னைக் கடற்கரையில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது உப்புக் காற்று முகத்தில் அடித்தது. சட்டென்று மதுரை தமுக்கம் மைதானம் ஞாபகம் வந்தது. அங்கே கடலே கிடையாது.

எட்டாவது படிக்கும்போது ‘நான் கண்ட பொருட்காட்சி’ என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். நாங்கள் வைத்திருந்த நோட்ஸைச் சென்னைக்காரர் யாரோ எழுதியிருக்க வேண்டும். “கடற்காற்று வாங்கியபடி வீடு திரும்பினோம்” என்று முடித்திருந்தார். மதுரை வில்லாபுரத்தில் என்னோடு படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் கடற்காற்று வாங்கிவிட்டார்கள். நான் மட்டும் தமுக்கம் பொருட்காட்சியில் பார்த்ததை எழுதினேன். டெல்லி அப்பளம் தின்றுவிட்டு ராட்டினம் ஏறிய அப்பா உச்சியில் வாந்தி எடுத்ததையும் விடவில்லை.

தமிழ் ஐயா பத்துக்கு இரண்டு போட்டார். “கடற்காத்து எங்கம்மா?”

“மதுரையில கடல் இல்லையே, ஐயா.”

“நோட்ஸுல இருக்குல்ல?”

கட்டுரை நோட்டைக் கையெழுத்துப் போட வாங்கிய அப்பா, படித்துவிட்டுக் கொதித்தார். “அம்புட்டுப் பிள்ளைகளும் காத்து வாங்கியிருக்கு. ஒனக்கு மட்டும் என் வாந்திதான் கெடச்சுச்சா?”

திருப்பி எழுதச் சொன்னார் ஐயா. அவரைப் பகைக்க முடியாது; வாந்தியை விடவும் மனசில்லை. “கடற்காற்று ஒத்துக்கொள்ளாமல் அப்பா வாந்தி எடுத்தார்” என்று முடித்தேன். எட்டு மார்க் கிடைத்தது.

“காத்து எப்படிப்பா இருக்கு?” என்றேன் நேற்று.

சுண்டலை மென்றபடியே அப்பா மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்.

“நல்லா ஒத்துக்குது, தாயி. இத எழுது.”