கொக்குக் கட்டு யார் கட்டியது

சுருளிப்பட்டிக்கு மேற்கே பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்க வந்தவர், இங்கே ஒரு சொட்டு வராது என்று சொல்லிவிட்டுப் போன இடம் அது. முள்ளாகக் கிடந்த சரிவில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, திராட்சைப் பந்தல் போட்டேன். பழம் அனுப்ப அட்டைப்பெட்டி யூனிட் ஆரம்பித்தேன். மெஷின் ஓட்ட ஆள் கிடைக்காத மூன்று மாதமும் நானே அதைப் பிரித்துப் பூட்டிப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டேன். மாடி வைத்து வீடு கட்டினேன்; அதற்கு ப்ளான் வரைந்தது நான்தான், வெறுந்தரையில், சாக்பீஸால். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருடம் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

இவை எல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் கட்டியிருக்கிறேன். அறுபது அட்டைகள் கொண்ட ஒரு சீட்டுக்கட்டு. ரம்மி, மங்காத்தா என்று நினைத்துவிட வேண்டாம். காசு வைத்து நான் எதையும் ஆடியதில்லை. தேனியில் ஒரு மாடிக் கடையின் சுவரில் அந்தக் கட்டின் பட்டியல் ஒட்டியிருக்கிறது. அதில் ‘கட்டியவர்’ என்ற இடத்தில் இன்னொருவர் பெயர் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்கு முட்டி ஆபரேஷன் ஆன பிறகு வாரம் மூன்று நாள் தேனியில் பிசியோதெரபி. காரில் கூட்டிக்கொண்டு போய் விட்டால் ஒன்றரை மணி நேரம் எனக்கு வேலை இல்லை. ஆனி மாதம். மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கி, சாரல் குறுக்கே பறந்துகொண்டிருந்தது. ஒதுங்குவதற்காகப் பக்கத்துக் கட்டடத்தின் படியேறினேன். மேலே நீளமான ஹால். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் நனைந்த துணியைப் போல இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து, பேசாமல், வண்ண அட்டைகளை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் உடுப்பில் ஒரு பெண், பேங்க் பையோடு ஒருவர், வழுக்கைத் தலை மருந்துக்கடைக்காரர் ஒருவர். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. சத்தமெல்லாம் எங்கோ மேலே நின்றுவிட்டது.

கடைக்காரப் பெண் எழுந்து வந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவள் அப்பாவுக்குப் பஜாரில் பாத்திரக்கடை.

“யாரைத் தேடி வந்தீக, ஐயா?”

“யாரையும் தேடல. சாரலுக்கு ஒதுங்குனேன். இங்கன என்ன, பரீட்சை நடக்குதா?”

“வெளையாட்டுதான், ஐயா. உக்காருங்க. பாருங்க.”

பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ஆட்டம் பிடிபட்டுவிட்டது. ஆளுக்கு அறுபது அட்டை, இருபது உயிர். ஒவ்வொரு முறையும் மேலிருந்து ஓர் அட்டை எடுக்க வேண்டும், முடிந்ததைப் போட வேண்டும், பிறகு ‘உங்கள் முறை’ என்று எதிராளியிடம் விட வேண்டும். சொல்லிவிட்டால் நம் முறை முடிந்தது. எல்லோரும் வீரன், புலி, பூதம் என்று வரிசையாக நிறுத்திச் சண்டை போட்டார்கள். கடைசி உயிர் போனவன் தோற்றவன்.

அட்டையில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் ஒரு தடவை தமிழில் சொல்வாள். எனக்கு ஒரு தடவை போதும். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனவர்களுக்குத்தான் இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும். படத்தைப் பார்த்தால் அதன் வேலை எனக்கு நினைவுக்கு வரும். நானூறு அட்டைக்கு மேல் இப்படிப் பாடம். கோம்பையிலிருந்து வரும் எலெக்ட்ரிக் என்ஜினியர் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டு, “ஐயா, நீங்க மட்டும் காலேஜ் போயிருந்தீகன்னா” என்றார். “போயிருந்தா ஒங்கள மாதிரி இங்கன தோத்துக்கிட்டு இருந்திருப்பேன்” என்றேன். ஹாலே சிரித்தது.

வேண்டாத அட்டைகளை எல்லோரும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிடுவார்கள். அதில் ஒரு கொக்கு நிறையக் கிடந்தது. தண்ணீருக்கு மேல் ஒற்றைக்காலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு. மேசையில் இறக்க ஒரு செலவும் இல்லை. ஆனால் சண்டை போடாது, அதனால் யாருக்கும் வேண்டாம். எனக்கு மட்டும் அதைக் கூடையிலேயே விட்டுவிட மனம் வரவில்லை. நாலைந்து கொக்குகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு கொக்கு என்னை விடவில்லை. சின்னமனூர் தாண்டி வயலில் நிஜக் கொக்குகள் நிற்கும். ஒன்று எழும், பத்தடி தள்ளி இறங்கும், மறுபடி எழும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

“ரோட்டப் பாருங்க. முட்டியத்தான் மாத்திருக்கு, இனி தலைய மாத்தணுமா?” என்பாள் மனைவி.

ஒரு மத்தியானம் பந்தலுக்கு அடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். கொடியை வெட்டிக் கவாத்து முடித்துப் புதுத் தளிர் வந்திருந்த நேரம். இலை வழியாக இறங்கிய வெயில் பச்சையாக, மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நான் தண்ணீருக்கு அடியில் படுத்திருக்கிறேனா, மேலே பார்க்கிறேனா என்று தெரியவில்லை. தூக்கமா என்றால் தூக்கம் இல்லை. அந்தப் பச்சைக்குள் கொக்கு இறங்கியது. அதன் காலடியில் கிணறு திறந்தது. கிணற்றிலிருந்து ஓர் அட்டை மிதந்து மேலே வந்தது. காற்று அந்த அட்டையைப் பறித்துக்கொண்டு கொக்கைத் தூக்கியது. கொக்கு என் கைக்கு வந்தது. மறுபடி இறங்கியது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்றும் கூடையில் கிடந்த அட்டைகள். கிணறு, ஒரு பறவை இறங்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அட்டை தரும். காற்று, கையிலிருக்கும் ஓர் அட்டையைக் கழித்தால் மேசையிலிருக்கும் பறவையைத் திரும்பக் கைக்குத் தரும். ஒரே முறையில் எத்தனை தடவை வேண்டுமானாலும். அப்படியென்றால் நிற்கவே வேண்டியதில்லை. கடைசியில் இடி என்று ஒரு அட்டை. அந்த முறையில் பறவை எத்தனை தடவை இறங்கியதோ அத்தனை உயிரை எதிராளியிடமிருந்து எடுத்துவிடும். இருபது தடவை இறக்கி, இடியைப் போட்டால், ஒரு வீரன்கூட இல்லாமல் ஆட்டம் முடிந்தது.

அந்த வாரமே கட்டைக் கட்டினேன். கவாத்துப் பண்ணுகிற கைதான். வீரன், புலி எல்லாவற்றையும் கழித்தேன். எதிராளியைத் தடுக்க வேலி போலச் சில அட்டைகள் மட்டும் விட்டேன். கடைக்காரப் பெண் பார்த்துவிட்டு, “வெறுங்கையோட சண்டைக்குப் போறீக, ஐயா. மூணும் சேந்து வாரதுக்குள்ள செத்துருவீக” என்றாள். இரண்டு வாரத்தில் அவளையே மூன்று தடவை ஜெயித்தேன். இருப்பதை வைத்துக்கொண்டு வருகிறவரை காத்திருப்பது எனக்குப் புதிதா என்ன? பந்தல் போட்டவன் முதல் குலைக்குக் காத்திருந்தவன்தானே.

மருந்துக்கடைக்காரர் ஒருநாள் என் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அண்ணே, அந்தக் கட்டை ஒருக்காப் பாக்கலாமா?”

“பாருங்க தம்பி. ஒளிச்சு வைக்க நகையா என்ன?”

அறுபதையும் விரித்துக் காட்டினேன். எது எதற்கு, எத்தனை வேலி, ஏன் கொக்கு நான்கு என்று சொன்னேன். அவர் போனில் படம் எடுத்துக்கொண்டார். எடுக்கட்டும் என்றுதான் இருந்தேன். நல்ல கொடியிலிருந்து நடக் குச்சி கேட்டால் எங்கள் பக்கம் யாரும் இல்லை என்று சொல்வதில்லை.

அடுத்த மாதம் கடையில் டோர்னமென்ட் வைத்தார்கள். ஜெயிக்கிற கட்டின் பட்டியலைக் கட்டியவர் பெயரோடு சுவரில் ஒட்டுவது அந்தக் கடை வழக்கம். கோப்பை எனக்கு வேண்டாம், வீட்டில் வைக்க இடமில்லை. அந்தத் தாளில் என் பெயர் வர வேண்டும் என்றுதான் போனேன். காலையிலிருந்து நாலு பேரை ஜெயித்தேன். பைனலில் எதிரே வந்து உட்கார்ந்தவர் மருந்துக்கடைக்காரர். அவர் இரண்டாவது முறையில் கிணற்றை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் இருப்பதும் என் கட்டு.

யாருக்கு மூன்றும் முதலில் சேர்கிறதோ அவர் ஜெயிப்பார். எனக்குச் சேர்ந்தது.

கொக்கை இறக்கினேன். மற்றவர்கள் கணக்குக்குத் தாயக்கட்டை வைப்பார்கள்; நான் புளியங்கொட்டை வைப்பேன். இறங்கியது, ஓர் அட்டை எடுத்தேன், கழித்தேன், காற்று தூக்கியது. ஒரு கொட்டை. மறுபடி இறங்கியது. ஐந்தாறு தடவைக்குப் பிறகு கை தானாக ஓடியது. சுற்றி நின்றவர்களின் முகம் மங்கியது. ஜன்னலுக்கு வெளியே சாரல் பறக்கிறதா, பந்தல் அசைகிறதா, தெரியவில்லை. அறுபது வயதுக்கு மேல் எனக்கு உடம்பே இல்லாத மாதிரி இருந்தது அப்போதுதான். ஒரு வெள்ளைப் பறவை எழுவதும் இறங்குவதும் மட்டும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஒரு பாத்தியை நிறைத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்புவதைப் போல. பன்னிரண்டாவது கொட்டையில் இடி கைக்கு வந்தது. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஓட்டினேன். இருபதாவது கொட்டையும் வைத்தேன். கடைசிப் பாத்தி.

அப்போதுதான் அது நடந்தது. எனக்குச் சொந்தக் கிணறு வருவதற்கு முன்னால் இருபது வருடம் பங்குக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவன் நான். அங்கே ஒரு ஒழுங்கு உண்டு. நம் கடைசிப் பாத்தி நிறைந்து முடிகிறவரை வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. பாதி நிறையும்போதே அடுத்த முறைக்காரருக்குக் குரல் கொடுத்துவிட வேண்டும். அவர் மண்வெட்டியோடு நடந்து வந்து மடை திருப்புவதற்கும் நம் பாத்தி நிறைவதற்கும் சரியாக இருக்கும். இல்லாவிட்டால் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் வீண்.

கையில் இடி. போட வேண்டியது அது ஒன்றுதான். நான் நிமிர்ந்து, “தம்பி, ஒங்க மொறை, வந்துருங்க” என்றேன்.

கடைக்காரப் பெண்தான் நடுவர். குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“ஐயா, முடிச்சிட்டீகளா?”

“இல்லத்தா. இதப் போடணும்ல.”

“மொறையக் குடுத்துட்டீகளே, ஐயா.” அவள் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். “அண்ணன் சரின்னா திருப்பி எடுத்துக்கலாம். இல்லைன்னா போனது போனதுதான்.”

மருந்துக்கடைக்காரர் என் புளியங்கொட்டைகளைப் பார்த்தார். இருபதும் வரிசையாக இருந்தன. “பைனலாச்சேம்மா” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் மேலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அது காற்று. கொக்கு அவர் கையில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. என் கொக்கு அவர் பக்கம் இறங்கி எழுந்து இறங்கி எழுந்து, பதினாறாவது தடவையில் இடி வந்து, இருபதில் என் உயிரெல்லாம் போனது. தோற்கிற நேரத்தில்கூட அது எழுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடமும் எனக்குக் கோபமே வரவில்லை.

கோபம் அடுத்த வாரம் வந்தது. சுவரில் தாள். மேலே ‘ஜெயித்தவர்’, அவர் பெயர். கீழே ‘கட்டியவர்’, அங்கேயும் அவர் பெயர். தமிழ் எனக்கு நன்றாகவே படிக்க வரும்.

“தம்பி, இது யாரு கட்டு?” என்றேன்.

“அண்ணே, கோவிச்சுக்காதீக. ரெண்டு வேலி அட்டைய மாத்திருக்கேன். அப்ப ஏங்கட்டுதான?”

“என் வீட்டுல ரெண்டு சன்னலுக்குப் பெயின்ட் அடிச்சவன், வீடே என்னுதும்பானா?”

சிரித்தார்களே தவிர, யாரும் தாளைத் தொடவில்லை. “அடுத்த தடவ ஜெயிச்சு ஒங்க பேரப் போட்டுருவோம், ஐயா” என்றாள் அந்தப் பெண். அவளுக்கு விளங்கவில்லை. ஜெயிப்பது வேறு, கட்டுவது வேறு. வீட்டில் சொன்னால் மனைவி, “பேரு வந்தா கொடி ரெண்டு கொலை கூடக் காய்க்குமா?” என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்கிறாள்.

இதற்குள் அவர் அந்தக் கட்டை மதுரைக்குக் கொண்டுபோய் அங்கேயும் இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டார். மதுரையில் அதற்கு ‘மருந்துக்கடைக் கட்டு’ என்று பேராம். கோம்பை என்ஜினியர் போனில் காட்டினார். முகம் தெரியாத பையன்கள் என் கொக்கை இறக்குகிறார்கள், என் காற்றால் தூக்குகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பேரைக் கேட்டதும் சாப்பாடு இறங்கவில்லை.

தோற்றது என் வாயால். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மறு ஆட்டமும் நான் கேட்கவில்லை. அந்தத் தாளைக் கிழிக்கவும் வேண்டாம். ‘ஜெயித்தவர்’ என்ற இடத்தில் மருந்துக்கடைக்காரர் பெயர் அப்படியே இருக்கட்டும். ‘கட்டியவர்’ என்ற இடத்தில் இருப்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். வேலி இரண்டை மாற்றியது அவர் என்று கீழே சின்னதாகப் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. செய்த வேலையைச் சொல்ல வேண்டியதுதான். மதுரைக்கும் அதே தாள் போக வேண்டும். பென்சிலால் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். எழுதும்போது நான் பக்கத்தில் இருப்பேன்.