விசிலக்கா வீட்டு விருந்தாளி

விசிலக்கா நாய்களுக்குப் பாலில் தூக்க மாத்திரையைக் கலந்து கொடுத்துவிடுகிறாளாம். முடிதிருத்துபவர் இதை ஒரு வாடிக்கையாளர் சொல்லிக் கேட்டார். அந்த வாடிக்கையாளரோ தன் கொழுந்தியாள் சொன்னதாகச் சொன்னார். இல்லாவிட்டால், சோபாவைக் கிழித்து, கதவைப் பிறாண்டி, வீட்டையே தலைகீழாக்கும் நாய்கள், ஒரு வாரம் அவள் வீட்டில் இருந்துவிட்டுப் பெட்டிப் பாம்பாகத் திரும்பி வருவது எப்படி?

விசிலக்காவின் காதுக்கும் இது வந்து சேர்ந்தது. அப்போது அவள் கொல்லைப்புறத்தில் மண்டியிட்டு, பழைய கையுறை ஒன்றை வேலிச் செடிக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தாள். “மாத்திரை விக்கிற விலையில நானே முழுங்கிட்டு நிம்மதியா தூங்குவேன்” என்றாள். அடுத்த கையுறையைப் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்தாள்.

ஊருக்குப் போகிறவர்கள் அவளிடம் விட்டுச் செல்பவை ஸ்பானியல் நாய்கள் மட்டும்தான். புதருக்குள் பாய்ந்து பறவைகளைக் கிளப்பிவிடவென்றே பழகிய இனம். புதர் இல்லாத வீடுகளில் அவை தலையணையைக் கிளப்பும், திரைச்சீலையைக் கிளப்பும், வீட்டுக்காரரின் இரத்தக் கொதிப்பையும் கிளப்பும். மற்றவர்கள் அவற்றை ஓடவிட்டுக் களைக்கவைக்கப் பார்ப்பார்கள். “ஓட ஓட வலுதான் ஏறும். களைக்க வேண்டியது காலு இல்ல, மூக்கு” என்பாள் இவள். ஒளித்த கையுறைகளை ஒவ்வொன்றாக மோந்து கண்டுபிடிக்க வைப்பாள். நடுவே, கழுத்தில் தொங்கும் விசிலை ஒருமுறை ஊதுவாள். எவ்வளவு வேகத்தில் போனாலும் நாய் அந்த இடத்திலேயே உட்கார்ந்தாக வேண்டும். உட்காரும். உடம்பெல்லாம் வெடவெடக்கும், வால் மட்டும் அடங்க மறுத்துத் தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கும்.

அவள் சட்டைப்பைகளில் எப்போதும் ரொட்டித்தூள். நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். அந்த வீட்டில் ஒரு செருப்புகூடத் தரையில் கிடக்காது. எல்லாம் ஆணிகளில் தொங்கும். நாய்களை ‘வாங்க, உக்காருங்க’ என்றுதான் அழைப்பாள். கூட இருக்கும் தங்கைக்கு அதில் தீராத மனக்குறை.

“நாலு கால் உள்ளவங்களுக்கு வாங்க போங்க. எனக்கு வாடி போடி.”

“நீயும் சொன்னவுடனே உக்காரு. மரியாதை தர்றேன்.”

பம்பரம் என்று அவள் பெயர் வைத்த நாய் ஒரு கட்டடப் பொறியாளருடையது. வேறு இரண்டு இடங்களில் கையை விரித்த பிறகுதான் அவர் இங்கே வந்தார். கிளம்பும்போது வாசலில் தயங்கினார். “ஏதோ மாத்திரைன்னு பேசிக்கிறாங்களே...” என்று இழுத்தார்.

“மாத்திரையிலதான் அடங்கும்னா நான் எதுக்கு சார்?”

பம்பரம் விசிலைச் சட்டையே செய்யவில்லை. கையுறையைத் தேடச் சொன்னால் தொட்டியைக் கவிழ்த்தது. இடித்த வேகத்தில் தங்கை கொல்லையில் விழுந்து எழுந்தாள். விசிலக்கா விடவில்லை. இந்த ஒரு நாய் அடங்கிவிட்டால் ஊர் வாயும் அடங்கிவிடும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

நேற்று மாலை அது தானாக வந்து சுவரோரம் படுத்தது. முன்னங்கால்களின் மேல் முகவாயை வைத்துக்கொண்டது. பக்கத்தில் கையுறையைப் போட்டுப் பார்த்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்தித் தங்கையைக் கூப்பிட்டாள். “பாத்தியாடி, அடங்கிட்டாரு.” அதைப் படம் பிடித்துப் பொறியாளருக்கு அனுப்பினாள். கைகூப்பிய பொம்மைகள் வரிசையாகப் பதிலுக்கு வந்தன. நேற்று அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

காலையில் தட்டை முன்னால் வைத்தும் பம்பரம் எழுந்திருக்கவில்லை. அவள் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளுத்திருந்தது.

கால்நடை மருத்துவர் மேஜைமேல் கிடத்தி வயிற்றை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். எதையோ விழுங்கிக் குடல் அடைத்திருக்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்.

“எப்பலேருந்து இப்படி இருக்கு?”

தங்கை முந்திக்கொண்டாள். “இன்னிக்குக் காலையிலேருந்துதான் டாக்டர்.”

விசிலக்கா நாயின் காதுமடலைப் பிடித்தபடி நின்றாள். “இல்ல. நேத்து சாயங்காலத்துலேருந்து. நான்தான் பழகிட்டாருன்னு நெனச்சிட்டேன்.”

மருத்துவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “ஒரு ராத்திரி முழுக்கப் போயிருக்கே. பிழைக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நான் ஏற்பாடு பண்றேன்.” உள்ளே போனார்.

தங்கை அருகே வந்து கிசுகிசுத்தாள். “டாக்டர்கிட்ட சொன்னதோட போகட்டும். இன்ஜினியர்கிட்ட காலையிலன்னு சொல்லு. போட்டோவுல தூங்குற மாதிரிதானே இருக்கு. நேத்தேன்னு சொன்னா மாத்திரைக் கதைக்கு நாமளே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும். அப்புறம் ஒருத்தரும் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாங்க.”

“மிதிக்க மாட்டாங்கதான்.”

விசிலக்கா கைபேசியை எடுத்தாள். பொறியாளருக்கு வீடியோ அழைப்பைப் போட்டாள்.

“வீடியோ வேணாம், சும்மா போன் பண்ணுக்கா. உன் மூஞ்சியப் பாத்தாலே கண்டுபிடிச்சிடுவாரு.”

திரையில் அவளுடைய முகமே தெரிந்தது. அழைப்பு மணி போய்க்கொண்டிருந்தது, அவர் எடுக்கவில்லை. அவள் கேமராவைத் திருப்பினாள். மேஜையோரம் குனிந்து, பம்பரத்தின் வெளுத்த ஈறு தெரியும்படி ஒரு விரலால் அதன் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைபேசியை ஆடாமல் நீட்டினாள். மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.