கடலுக்கு ஷட்டவுன் எடுத்த கதை

நெய்வேலிக்குப் பக்கத்திலேயே கடலூரில் ஒரு கடல் இருக்கிறது. அது போதாதென்று குவார்ட்டர்ஸ் ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இன்னொரு கடலைச் செய்து வைத்தவன் நான். வேலைக்குப் போனால் நிலக்கரி தோண்டுகிற மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகம், வீட்டுக்கு வந்தால் வாளியில் உப்புக் கரைக்கிற உத்தியோகம். எதிர் குவார்ட்டர்ஸ்காரர் ஒருமுறை, ஊறுகாய் போடுகிறீர்களா சார் என்று கேட்டே விட்டார்.

அந்தக் கடலுக்கு ராஜா ஒரு மென்பவளம். தோல் மாதிரி வழவழவென்று, விரல் விரலாகக் கிளைத்து, தண்ணீர் ஓட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். மனைவி அதைச் செடி என்பாள். செடி இல்லை, அது உயிருள்ள பிராணி என்று திருத்துவேன். "செடிக்கு மட்டும் உயிர் இல்லியா?" என்பாள். சேத்தியாத்தோப்புக்காரியிடம் வாய் கொடுத்து நான் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை.

ரிட்டயர்மென்ட் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி வீடு பார்த்தோம். அவ்வளவு பெரிய தொட்டியை ஏற்றினால் தளம் தாங்காது, சின்னதாக ஒன்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். தொட்டியையும் மீன்களையும் புதுச்சேரியில் ஒரு நண்பர் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பவளத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு ப்ளக்கில் ஒட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ப்ளக் என்றால் காளான் மாதிரி குடையும் காம்புமாக இருக்கிற சின்னப் பீங்கான் கட்டை.

"யாருக்கு வேணா குடுங்க" என்றாள் மனைவி. "ஒண்ணு மட்டும் நம்ம வூட்டுக்கு வரணும். நீங்க நைட் ஷிஃப்ட் போனப்பெல்லாம் அதத்தான் பாத்துக்கினு ஒக்காந்திருந்தேன்."

இத்தனை வருஷமாக அந்தத் தொட்டியைக் கரண்ட் தின்னி என்று திட்டியவள் சொன்னது இது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமை உள்ளே வந்தால் எனக்குப் புத்தி வெளியே போய்விடும்.

வேலையை ஆரம்பிக்குமுன் மைன்ஸ் வழக்கப்படி ஷட்டவுன் எடுத்தேன். தொட்டித் தண்ணீரை ஓட வைக்கிற மோட்டார்களை நிறுத்தி, ஸ்விட்ச் மேல் என் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டேன். "வேலை நடக்கிறது, ஸ்விட்ச் போடாதீர்." மெஷினில் கை வைக்கப் போகிறவர் இந்த மாதிரி அட்டையைத் தன் பெயரில் மாட்டுவார். மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். எவ்வளவு பெரிய ஆபீசர் வந்தாலும் தொடக்கூடாது. வீட்டுக்கென்று நானே ஒன்று எழுதி வைத்திருந்தேன். மிக்சி கழுவினாலும் ஃபேன் துடைத்தாலும் அது தொங்கும். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். மனைவி சிரிக்க மாட்டாள். அவள் அப்பா ரைஸ் மில்லில் இருந்தவர். பெல்ட்டில் சிக்கியதை எடுக்கக் கையை விட்டிருந்தபோது, தெரியாமல் யாரோ ஸ்விட்சைப் போட்டதில் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. நான் பெண் பார்க்கப் போன அன்று அவர் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "நிறுத்துன மிஷின மறுபடி யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்டார். அட்டை மாட்டியவன்தான் ஓட்டணும் என்றேன். பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

அட்டை மாட்டியது வரைக்கும் எல்லாம் சரி. அதற்குப் பிறகு குரங்கு கையில் பூமாலைதான். ப்ளக்கின் காம்பைக் கட்டிங் பிளையரால் நறுக்கினேன். காம்போடு குடையும் உடைந்தது. பவளத்தைப் பிளேடால் வெட்டினேன். அது கொழகொழவென்று சளியாகக் கக்கியது. சளி மேல் கம் ஒட்டுமா? துண்டு ப்ளக்கில் ஒட்டாமல், ப்ளக் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; நான் கம் மட்டம் என்றேன். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால்தான் நிற்கும் என்று ஒருவழியாக மண்டையில் ஏறியது.

"கொத்தமல்லிக் கட்டுல வந்த ரப்பர் பேண்டு கெடக்குது, தரட்டுங்களா?"

இது டெக்னிக்கல் வேலை, அதெல்லாம் ஆகாது என்று சொல்லி, வெட்டிய துண்டுகளைத் தொட்டிக்குள்ளேயே ஒரு தட்டில் போட்டுவிட்டு, மந்தாரக்குப்பத்துக்கு வண்டியை எடுத்தேன். கையெல்லாம் கம் என்று போனையும் எடுக்கவில்லை.

ரப்பர் பேண்ட் உடனே கிடைத்துவிட்டது. டீக்கடையில் பழைய ஷிஃப்ட் ஆட்கள் உட்கார்ந்திருந்ததுதான் வினை. பவளத்துக்கு நான் ஆபரேஷன் செய்த பிரதாபத்தை ஆரம்பித்தேன். தண்ணீர் ஓட்டம்தான் அதற்கு மூச்சு, ஓட்டம் நின்றால் தன் சளியிலேயே அழுகிவிடும் என்று டீ மேல் டீயாகப் பிரசங்கம் செய்தேன். அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்த மகான் நானேதான் என்பது, தெருவிளக்கு எரிந்த பிறகுதான் சுருக்கென்று உறைத்தது.

வீட்டு வாசலிலேயே கவிச்சி வாடை. மனைவி தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். ரவிக்கைக் கை நனைந்து ஒட்டியிருந்தது. சொம்பில் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, பாயசம் ஆற்றுவது மாதிரி தொட்டிக்குள்ளேயே திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கிளம்பிய கொஞ்ச நேரத்திலிருந்து இதே வேலை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அட்டை தொங்கியது. அதன் கீழே என் போன், அவள் கூப்பிட்டதெல்லாம் அங்கேயே அடித்து ஓய்ந்து கிடந்தது.

"ஸ்விட்சைப் போட வேண்டியதுதானே?" என்று கத்தினேன். தப்பு என்னுடையதாக இருந்தால் எனக்குக் குரல்தான் முதலில் ஏறும்.

"அட்டை உங்களுது."

"இது என்ன பெல்ட்டா? மீன் தொட்டி."

"எங்கப்பாகிட்ட சொன்னப்போ, மீன் தொட்டிக்கு வேற சட்டம்னு நீங்க சொல்லலியே" என்றாள். ஊற்றுவதை நிறுத்தவில்லை.

இரண்டு துண்டுகள் கரைந்துபோயின. அவள் கேட்ட துண்டு பிழைத்தது. மந்தாரக்குப்பத்துச் சின்னத் தொட்டியில், கொத்தமல்லிக் கட்டு ரப்பர் பேண்டோடு, ஒரு ப்ளக் மேல் இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது. நான் வாங்கி வந்தது தடி ரப்பர், அதற்கு ஆகவில்லை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்கு இருந்தது வெட்கம் மட்டும்தான். அட்டையைக் கழற்றிவிட்டு ஸ்விட்சுக்குக் கையை நீட்டினேன்.

"இருங்க" என்று ஸ்டூலிலிருந்து இறங்கினாள். சொம்பைக் கீழே வைத்தாள். ஈரக் கையால் என் இரண்டு கைகளையும் பிடித்து, கம் காய்ந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான், "இப்ப போடுங்க" என்றாள்.