மிச்சம் இருபத்துநாலு

முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டுத் தறிக்குப் பட்டு நூலும், கரையில் உருவம் விழத் துளை போட்ட டிசைன் அட்டையும் கொடுப்பவர் ஆரணி முதலாளி ஒருவர். அன்று நான் நெய்து கொண்டுபோன சேலையின் அகலக் கரையில், குறுக்கு வரிசைக்கு ஆறு மாங்காய் உருவங்கள் முழுசாக இருந்தன. ஏழாவது மட்டும் ஓரத்தில் பாதியில் அறுபட்டிருந்தது.

"இன்னாம்மா, கை வேலை சுத்தமா இல்லியே உனக்கு!" என்று நாலு பேர் எதிரில் கத்தினார்.

"தப்புதாங்க முதலாளி," என்றேன்.

அடுத்த சேலைக்கும் அதே அட்டைதான். இந்தத் தடவை நெய்வதற்கு முன் எண்ணிப் பார்த்தேன். கரை நூலைத் தூக்கும் கொக்கிகள் மொத்தம் 240. அட்டைப்படி ஒரு மாங்காய்க்கு 36 கொக்கி. ஆறு மாங்காய்க்கு 216 போனால் மிச்சம் 24. முப்பத்தாறின் மடங்கில் 240 வரவே வராது. யார் நெய்தாலும் கடைசி மாங்காய் அறுபடத்தான் செய்யும்.

அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வைத்தேன்.

"இருநூத்தி நாப்பதுல மிச்சமில்லாம போற நம்பரா போடுங்க. முப்பதோ நாப்பதோ போடலாம். முப்பத்தாறு ஆவாது."

"எனக்கே கணக்கு சொல்லிகினு வந்துட்டியா? இஷ்டம் இல்லன்னா தறில இருக்கிற பாவு நூலை அறுத்து எடுத்துகினு போயிடுவேன்."

"எடுத்துகினு போங்க. பாதி மாங்காய இனிமே நான் நெய்ய மாட்டேன்."

பத்து நாள் தறி சும்மா கிடந்தது. பதினோராம் நாள் புது அட்டை வந்தது. மாங்காய்க்கு நாற்பது கொக்கி; ஆறும் முழுசு.

நான் செய்யாத தப்புக்குச் சொன்ன அந்தத் 'தப்புதாங்க' மட்டும் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அதே நாலு பேர் எதிரில் ஒருநாள் அதைத் திருப்பிக் கேட்பேன்.