அப்பா வாங்க மறுத்த அப்பம்

போதகர் திருவிருந்து அப்பத்தக் கையில எடுத்துக் கட்டில் பக்கம் குனிஞ்சாரு. எங்கப்பா வாயை இறுக்கி மூடிக்கிட்டாரு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கன்னு ஆஸ்பத்திரில கைவிரிச்சிட்டாக. பரளச்சிப் பக்கத்துல இருக்கிற எங்க ஊருக்குப் போதகர் மாசத்துக்கு ஒருக்கத்தான் வருவாரு. திருவிருந்து வாங்காமப் போயிரக்கூடாதேன்னு அருப்புக்கோட்டைல அவரு காலப் புடிக்காத குறையாக் கெஞ்சி, கார் வச்சுக் கூட்டியாந்திருக்கேன். இவரு என்னடான்னா வேணாங்காரு.

"நான் அவனுக்குக் குடுக்க விடலியே தாயி," ன்னாரு அப்பா.

யாருன்னு எனக்குத் தெரியும். மழையே இல்லாத ஒரு வருசம், ஊர்ப் பொம்பளைக மழை வேண்டி வீடு வீடா மழைச்சோறு வாங்கி, கோயில் முன்னால வச்சு எல்லாருமாச் சாப்பிட்டாக. பருத்தி கருகுன வேதனையில எங்க சபை ஆளு ஒருத்தரும் உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டாரு. அப்பாதான் அப்ப சபை மூப்பர். கோயில் சோறு தின்ன இவனுக்கு இனித் திருவிருந்து கிடையாதுன்னு ஒரே போடாப் போட்டாரு. அந்த மாமா நோவுல கெடந்து கேட்டப்பவும், வந்த போதகரை அந்த வீட்டுக்கு விடல. மாமா கேட்டுக் கேட்டே செத்துப்போனாரு.

"ஆண்டவர் மன்னிக்கிறவரய்யா," ன்னாரு போதகர்.

"மன்னிப்பாரு. ஆனா என் ஆடு எங்கன்னு மேய்ப்பன்கிட்ட கேப்பாருன்னு வேதத்துல இருக்கே. நானே அத வாசிச்சுப் பேசிருக்கேன். எனக்குச் சொன்னதுன்னு அப்ப உறைக்கலயே."

"சாகப்போற நேரத்துல என்ன வீம்புப்பா இது!" கத்திட்டேன். அப்பா கேவிக் கேவி அழுதாரு. அவரு அப்புடிப் பயந்து நான் பாத்ததே இல்ல.

மொட்டை வெயில்ல அந்த மாமா வீட்டுக்கு ஓடினேன். அவரு சம்சாரம் மல்லி புடைச்சுக்கிட்டிருந்தாக. கால்ல விழுந்தேன். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த வந்து சொல்லுங்கத்தை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சொளகக் கீழ வச்சிட்டு, கூடவே வந்தாக. அப்பாடா, பிழைச்சோம்னு நினைச்சேன்.

"அண்ணாச்சி, நான் என்னிக்கோ மன்னிச்சிட்டேன். மனசுல ஒண்ணுமில்ல," ன்னாக.

"குடுங்கய்யா, குடுங்க," ன்னு போதகர அவசரப்படுத்தினேன். அப்பா கையக் காட்டி நிப்பாட்டினாரு.

"அவன் சாகையில என்னம்மா சொன்னான்?"

அத்தை கட்டில் பக்கம் வந்தாக. "பொய் சொல்ல எனக்கு வாய் வரல அண்ணாச்சி. அண்ணாச்சிக்கு மனசு எளகும், போதகரக் கூட்டிட்டு வந்துருவாகன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தாக."

நான் அப்பா தாடையப் புடிச்சேன். "வாயத் தெறங்கப்பா, எனக்காகத் தெறங்கப்பா." தெறக்கல. போதகர் அப்பத்தத் துணியில சுத்தி வச்சிட்டாரு.

அத்தைதான் கட்டில்ல உக்காந்து அப்பா கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டாக. "போங்க அண்ணாச்சி. போயி அவுககிட்டயே மன்னிப்புக் கேளுங்க," ன்னு சொல்லிட்டு ஓன்னு அழுதாக.