ப்ளஸ் டூ வேணாம்

என் தம்பி லூயிஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவன் வாங்கிய காரில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அவனைக் கேட்டாலும் அங்கேதான் ஆரம்பிப்பான். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி, லாரி முதுகில் முட்டையை வைப்பது போல வைக்க வேண்டிய வேலை. அதில் கெட்டிக்காரன் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் டம்ளரை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாது.

நான் எல்சி, அவனுடைய அக்கா. ராயபுரத்தில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் கீழே நான் இருக்கிறேன். மாடியில் லூயிஸ், அவன் மனைவி ரூத், மகள் ஜூடி. சமையல் ஒன்று, டிவி ஒன்று, சண்டையும் பெரும்பாலும் ஒன்றே. கல்யாணம் காட்சி என்று போகாமல் இருந்துவிட்டேன். ஆபீஸ் நேரம் போக, எல்லார் விஷயத்திலும் தலையிட எனக்கு நேரம் இருக்கிறது.

கார் செகண்ட் ஹேண்ட்தான். பார்க்க நாலு கதவு வைத்த சாதாரண வண்டி மாதிரி இருக்கும். ஆனால் அது ஸ்போர்ட்ஸ் செடானாம். ஆக்சிலேட்டரை மிதித்தால் வயிறு பின் சீட்டுக்குப் போய்விடும். வாலிப வயதிலிருந்து இப்படி ஒரு வண்டிக்கு ஏங்கியவன், நாற்பதுகளின் நடுவில் வாங்கினான். வாங்கிய பிறகு, நடந்தே போகக்கூடிய கோயிலுக்கு ஞாயிறு பூசைக்கு எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனான். வண்டியை நிறுத்த இடம் தேடித் தேடி பைபிளின் முதல் வாசகத்தைக் கோட்டை விட்டோம்.

வண்டியோடு வந்த சக்கரங்கள் பதினாறு இன்ச். ஒன்று நெளிந்திருந்தது. டயர் நான்கும் வழுக்கை. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்று லூயிஸ் சொன்ன நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போய்விட்டது.

“சக்கரம்னா வட்டமாத்தான் இருக்கப்போவுது. இதுல இன்னா இவ்ளோ யோசன?” என்று ரூத் கேட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடித்து வந்தவளிடம் அலாய் வீல் படத்தை நீட்டினால் வேறென்ன கேட்பாள்?

ஜூடிதான் அவனுக்குக் கூட்டு. ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்து லீவில் இருந்தாள். கணக்கு என்றால் அவளுக்கு உயிர். சாயங்காலமானால் அப்பனும் மகளும் மாடிப்படியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார்கள். டயரின் பக்கவாட்டில் 205/55 R16 என்று எழுதியிருக்கும். அதை அவன் அவளுக்கு விளக்கினான். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பரின் உயரம் என்பது. கடைசி எண் உள்ளே இருக்கும் ரிம்மின் இன்ச். ரிம் பெரிதானால் ரப்பரின் உயரம் குறைய வேண்டும், அப்போதுதான் சக்கரத்தின் மொத்த உயரம் மாறாது. மாறினால் ஸ்பீடோ மீட்டர் பொய் சொல்லும்.

ஜூடி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “டாடி, பதினெட்டு போட்டாலும் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான் வருது. பதினெட்டே போட்டுடலாம்,” என்றாள். மெல்லிய கம்பிகள் வைத்த, கறுப்பு நிறப் பதினெட்டு இன்ச் சக்கரம் ஒன்று அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அவனுக்கும்தான். இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்த்த பார்வையை நான் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

வண்ணாரப்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் ஷாரிக், லூயிஸோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அந்தக் கடையில் பதினேழு, பதினெட்டு என்று சொல்வதில்லை. கம்பெனி கொடுத்த ரிம்மைவிட ஒரு இன்ச் பெரிதாகப் போட்டால் அது ப்ளஸ் ஒன். இரண்டு இன்ச் பெரிதென்றால் ப்ளஸ் டூ. தொழிலில் அப்படித்தான் பெயராம். எங்கள் வீட்டுப் பேச்சுக்கு அந்தப் பெயர் வரவே இல்லை. வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை லூயிஸ் அந்தக் கடைக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். ஷாரிக் இரண்டு சக்கரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ரப்பரின் மேல் விரலை வைத்துக் காட்டினான்.

“மாமு, இந்த ரப்பருதான் உனக்குக் குஷன். ப்ளஸ் டூல எம்மாத்தூண்டு கீது பாரு. பள்ளத்துல ஒருவாட்டி எறங்குனா அடி நேரா ரிம்முல வாங்கும். ஷோக்கா இருக்கும், அதுல ஒண்ணும் சந்தேகமில்ல. ஆனா நீ தெனம் போற ரோடு எனக்குத் தெரியும்.”

அந்த ரோடு எல்லாருக்கும் தெரியும். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வழியாகக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் போகிற ரோடு. மழை வந்தால் எது பள்ளம், எது ரோடு என்று யாருக்கும் தெரியாது. லூயிஸ் கறுப்புச் சக்கரத்தைத் தடவிக்கொண்டே நின்றான். அதற்குப் பிறகு சில நாள் வேலைக்குப் போகும்போதெல்லாம் பள்ளங்களை எண்ணிக்கொண்டு போனானாம்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கீழே துணி மடித்துக்கொண்டிருந்தேன். லூயிஸ் எதிரில் உட்கார்ந்து ஷாரிக்குக்குப் போன் போட்டான்.

“நல்லா யோசிச்சிட்டேன் மாமு. ப்ளஸ் டூ வேணாம். ப்ளஸ் ஒன்னோட நிறுத்திக்கலாம்.” அந்தப் பக்கம் ஷாரிக் ஏதோ கேட்டான். “ஆசதான். யாருக்கு ஆச இல்ல? நாலு பேரு பாத்து மெச்சணும்னு செஞ்சிட்டு, அப்பால பேஜாரா பூட்சின்னா யாரு அவஸ்தப்படறது? நம்ம இருக்கற எடத்துக்கு இது போதும். ஜூடிகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கும். மெதுவா சொல்லிக்கிறேன்.”

அவன் போனை வைத்ததும், “நல்ல முடிவுடா. எதுக்கு வீண் ஆச?” என்று நான் வேறு உரக்கச் சொன்னேன்.

ஜூடி மாடிப்படியில் நின்று இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். டயர் கடையின் ப்ளஸ் டூ அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ப்ளஸ் டூ, இரண்டு மாதத்தில் அவள் போய் உட்காரவேண்டிய வகுப்பு. அப்பா தன் படிப்பை நிறுத்தப்போகிறார், அத்தையும் சரி என்கிறாள் என்றுதான் அவள் காதில் விழுந்தது. அவள் சத்தம் போடாமல் மேலே ஏறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பெண் வாயைத் திறக்கவில்லை. கேட்டதற்குப் பதில், கொடுத்தால் சாப்பாடு. சாயங்காலம் படியில் லூயிஸ் தனியாக உட்கார்ந்திருந்தான். எப்படியோ விஷயம் தெரிந்து, பதினெட்டு கிடைக்காத கோபத்தில் இருக்கிறாள் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு சக்கரத்துக்காக இந்த வயதில் இவ்வளவு பிடிவாதமா என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

ஒருநாள் ஜூடி என்னிடம் வந்து, “அத்த, உங்க ஆபீஸ்ல ஆள் எடுப்பாங்களா?” என்று கேட்டாள். துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்கத்தில் கிளியரிங் வேலை பார்க்கும் ஆபீஸில் நான் இருக்கிறேன். லீவில் கைச்செலவுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, “லீவுக்கெல்லாம் எடுக்க மாட்டாங்க,” என்றேன். “லீவுக்கு இல்லத்த,” என்றாள். எனக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டேன்.

லூயிஸால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊரையே அடக்கிவிடுவான், மகள் ஒரு வேளை பேசாவிட்டால் கரைந்துபோவான். ரூத் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், “கெளம்புங்க, ஷாரிக் கடைக்குப் போறோம்,” என்று ஜூடியையும் என்னையும் வண்டியில் ஏற்றினான். என் காதில் மட்டும், “பதினெட்டே போட்டுடச் சொல்லிட்டேன்கா. ரிம்மு ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவுது,” என்றான். ஜூடி பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

கடையில் வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டார்கள். கறுப்புச் சக்கரங்கள் நான்கும் வரிசையாக நின்றன. ஷாரிக் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து ஜூடி முன்னால் நிறுத்தினான்.

“இன்னா பாப்பா, ப்ளஸ் டூதான் வேணும்னு வூட்ல யாரோடயும் பேச மாட்டேன்ட்டியாமே? பாரு, நைனா எறங்கி வந்துட்டாரு. ப்ளஸ் டூவே ஓகே.”

ஜூடி சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. லூயிஸைப் பார்த்தாள். “நெசமாவா டாடி? நா படிக்கலாமா?”

“இன்னா படிக்கலாமா?” என்றான் லூயிஸ்.

“ப்ளஸ் டூ டாடி. நா சாயந்தரத்துல எங்கியாவது வேலைக்குக்கூடப் போறேன். கஷ்டம் குடுக்க மாட்டேன்.” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஷாரிக்குக்குத்தான் முதலில் புரிந்தது. சக்கரத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “யா அல்லா! ப்ளஸ் டூன்னா இதும்மா! இந்த வீலு!” பிறகு லூயிஸின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

“நா உன் படிப்ப நிறுத்துவேன்னு நெனச்சியா?” லூயிஸ் கேட்டான்.

“போன்ல சொல்லிகினு இருந்தியே. அத்தயும் நல்ல முடிவுன்னு சொல்லிச்சே.”

“எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

“கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டன்னா?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அத்தைய நிறுத்தினாங்க இல்ல?”

லூயிஸ் என் பக்கம் திரும்பினான். “அத்தைய யாரு நிறுத்தினாங்க? படிப்பு ஏறல, வேலைக்குப் போறேன்னு அதுவே வந்து குந்திகிச்சு. அப்பா எத்தினி தபா சொல்லிக்கீறாரு.”

அப்பா அப்படிச் சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இறால் உரித்துக்கொண்டே ஒருநாள் ஜூடியிடம் சொன்னதைத் தவிர, என் படிப்பு நின்றதை நான் யாரிடமும் பேசியதில்லை.

“இல்லடா,” என்றேன். “ப்ளஸ் ஒன் முடிஞ்ச லீவுல, ஆபீஸ்ல சொல்லி வெச்சிக்கீறேன், திங்கக்கெழம போய்ச் சேந்துக்கோன்னு அப்பா சொன்னாரு. போய்ச் சேந்தேன். படிப்பெல்லாம் நல்லாத்தான் ஏறிச்சு.”

“நீ எங்கிட்ட சொன்னதே இல்லியேக்கா.”

“அப்ப நீ டவுசரு போட்ட பையன்.”

“அதுக்கப்பறம்?”

“நீ கேக்கலடா.”

அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நல்ல மனிதர்தான், கஷ்டப்பட்டவர்தான். ஆனால் எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அது அன்று எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவரைக் கேட்கவும் இனி வழியில்லை.

கடைசியில் ஜூடிதான், “அங்கிள், பதினேழே போடுங்க. டாடி தெனம் அந்த ரோட்ல போவணும்,” என்றாள். லூயிஸ் தலையாட்டினான். ஷாரிக் கறுப்புச் சக்கரங்களை உள்ளே தள்ளிவிட்டு, 225/45 R17 என்று எழுதிய டயர்களைக் கொண்டுவந்தான். ஒரு சக்கரத்தை மாட்டி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, ரப்பர் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே மற்ற மூன்றையும் மாட்டினான். சாம்பல் நிறத்தில், பார்ப்பதற்கு அடக்கமாக இருந்தன. எனக்கு அவைதான் பிடித்திருந்தன.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும், ரூத்துக்குப் போன் போட்டுச் சொல்ல ஜூடி மாடிக்கு ஓடினாள். நான் இறங்கக் கதவில் கை வைத்தேன். லூயிஸ் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“எல்சிக்கா, நீ இன்னா படிக்கணும்னு இருந்த?”

மாத்திரை எங்கே, சாவி எங்கே, சம்பளம் வந்துவிட்டதா, ஏன் கல்யாணம் வேண்டாம் என்கிறாய் என்றெல்லாம் அந்த வீட்டில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. பதில் எனக்கு உடனே வந்தது. சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

“வக்கீலுக்கு,” என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தான்.

“சூப்பரா இருந்திருப்பக்கா,” என்றான்.

நான் காரிலேயே உட்கார்ந்து அழுதேன்.